டேட்டாபேஸ் ஸ்கிரிப்ட் ஃபைலை அனுப்பவில்லையா? அறிகுறியைப் பார்த்துப் பழுது நீக்கும் வழி

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் முந்திரி ஏற்றுமதி, ரப்பர் கொள்முதல், நகைக்கடை, ரத்தப் பரிசோதனைக் கூடம் என்று எந்த அலுவலகத்துக்குப் போனாலும் ராத்திரியில் ஒரே மாதிரி ஒரு வேலை நடக்கிறது. டேட்டாபேஸிலிருந்து ஒரு ஸ்கிரிப்ட் அன்றைய கணக்கை சிஎஸ்வி ஃபைலாக எடுத்து, சென்னையிலோ வெளிநாட்டிலோ இருக்கும் சர்வருக்கு எஸ்எஃப்டிபி (மறைகுறியாக்கி ஃபைல் அனுப்பும் முறை) வழியாக அனுப்புகிறது. காலையில் போன் வரும்: "அண்ணே, நேத்து ஃபைல் வரலியாம்."

அந்த போன் வந்ததும் நான் பார்க்கும் வரிசையைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். உங்கள் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். திரையில் வழக்கம்போல ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

## எதையும் மாற்றுவதற்கு முன்

முதலில் லாக், அதாவது நிரல் செய்ததை வரிவரியாக எழுதிவைக்கும் பதிவு, வேண்டும். எஸ்எஃப்டிபி கட்டளையோடு 'மைனஸ் விவிவி' சேர்த்து, வெளியீடு, பிழைச் செய்தி இரண்டையும் ஒரு டெக்ஸ்ட் ஃபைலுக்குத் திருப்பிவிடுங்கள். வின்எஸ்சிபி (விண்டோஸுக்கான எஸ்எஃப்டிபி நிரல்) என்றால் லாக் ஃபைலின் முழுப் பாதையை '/லாக்' விருப்பத்தில் கொடுங்கள். லாக் இல்லாமல் தேட ஆரம்பித்தால் நன்றாக இருக்கும் இடத்தையும் கெடுத்துவிடுவோம்.

இரண்டாவது, எவ்வளவு அவசரமானாலும் பாதுகாப்பை அணைத்துப் பார்க்காதீர்கள். 'ஸ்ட்ரிக்ட் ஹோஸ்ட் கீ செக்கிங்' விருப்பத்துக்கு 'நோ' போடுவது, வின்எஸ்சிபியில் ஹோஸ்ட் கீ (சர்வரின் அடையாளச் சாவி) இடத்தில் நட்சத்திரக் குறி போடுவது, "இன்னைக்கு மட்டும்" என்று 21ஆம் போர்ட்டில் சாதாரண எஃப்டிபியில் அனுப்புவது, இவை மூன்றுமே வேண்டாம். சாதாரண எஃப்டிபியில் பாஸ்வேர்டும் வாடிக்கையாளர் விவரமும் மறைப்பு எதுவும் இல்லாமல் வெறும் எழுத்தாகவே போகும். அந்த ஒருநாள் ஏற்பாடு ஸ்கிரிப்டில் வருஷக்கணக்கில் கிடப்பதையும் பார்த்திருக்கிறேன்.

## கையால் ஓட்டினால் போகிறது, ராத்திரி ஜாப்பில் போகவில்லை

வருகிற புகார்களில் பெரும்பாலானவை இதுதான். நீங்கள் ஓட்டும்போது ஸ்கிரிப்ட் உங்கள் லாகின் கணக்கில் ஓடுகிறது. ஜாப் (நேரம் குறித்துத் தானாக ஓடும் வேலை) ஓடும்போது வேறொரு கணக்கில் ஓடுகிறது. அந்தக் கணக்குக்கு உங்கள் டெஸ்க்டாப் தெரியாது, உங்கள் இசட் டிரைவ் தெரியாது, நீங்கள் என்றோ ஒருநாள் 'யெஸ்' என்று தட்டிச் சேமித்த சர்வர் அடையாளமும் தெரியாது.

எனவே முதல் கேள்வி: எந்தக் கணக்கு? எஸ்கியூஎல் சர்வரில் உங்கள் ஸ்கிரிப்ட் ஏற்கெனவே எக்ஸ்பி_சிஎம்டிஷெல் (டேட்டாபேஸுக்குள்ளிருந்து விண்டோஸ் கட்டளை ஓட்டும் வசதி) பயன்படுத்துகிறது என்றால், அதன் வழியாக 'ஹூஆம்ஐ' கட்டளையை ஓட்டுங்கள், பெயர் வந்துவிடும். சிஸ்அட்மின் உரிமை உள்ளவர் ஓட்டினால் அது எஸ்கியூஎல் சர்வர் சர்வீஸின் கணக்காக இருக்கும். மற்றவர்கள் ஓட்டினால் அதற்கென்று அமைத்த ப்ராக்ஸி கணக்காக இருக்கும். எக்ஸ்பி_சிஎம்டிஷெல் அணைந்திருந்தால் இதற்காக அதைத் திறக்க வேண்டாம். இயல்பாகவே அது அணைந்துதான் வரும், அப்படியே இருக்கட்டும். எஸ்கியூஎல் சர்வர் ஏஜென்ட் ஜாப்பில் ஆப்பரேட்டிங் சிஸ்டம் கட்டளை ஸ்டெப் ஒன்று போட்டு, அதில் 'ஹூஆம்ஐ' ஓட்டி விடையை ஒரு ஃபைலில் எழுத வையுங்கள். போஸ்ட்கிரெஸில் 'காப்பி டு புரோகிராம்' வழியாக ஓடுவது சர்வரில் உள்ள போஸ்ட்கிரெஸ் பயனரின் பெயரில்தான், உங்கள் பெயரில் அல்ல.

கணக்கு தெரிந்ததும் இந்த வரிசையில் பாருங்கள்.

டிரைவ் எழுத்து: இசட், எக்ஸ் என்று நெட்வொர்க் டிரைவ் எதுவும் ஸ்கிரிப்டில் இருந்தால் அதை எடுத்துவிட்டு, இரண்டு பின்சாய்கோட்டில் தொடங்கும் முழு நெட்வொர்க் பாதையைப் போடுங்கள். டிரைவ் மேப்பிங் என்பது லாகின் செய்த ஆளுக்கு மட்டும் உரியது.

பாதை: சாவி ஃபைல் (பாஸ்வேர்டுக்குப் பதில் லாகினுக்குப் பயன்படுவது), பேட்ச் ஃபைல் (கட்டளைகளை வரிசையாக எழுதிய ஃபைல்), சிஎஸ்வி ஃபைல், எஸ்எஃப்டிபி நிரல் எல்லாவற்றுக்கும் முழுப் பாதை கொடுங்கள். லினக்ஸில் கிரானில் (குறித்த நேரத்தில் கட்டளையை ஓட்டும் நிரல்) ஓடும்போது 'பாத்' மாறி மிகச் சுருக்கமாகத்தான் இருக்கும். டெர்மினலில் கிடைக்கும் நிரல் அங்கே கிடைக்காது. பாஸ்ஃபிரேஸ் போட்ட சாவியை டெர்மினலில் எஸ்எஸ்எச் ஏஜென்ட் திறந்து கொடுத்திருக்கும். கிரானுக்கு அந்த ஏஜென்ட் இல்லை.

சர்வர் அடையாளம்: ஓப்பன்எஸ்எஸ்எச் (எஸ்எஃப்டிபி கட்டளையைத் தரும் நிரல் தொகுப்பு) இதை 'நோன் ஹோஸ்ட்ஸ்' ஃபைலில் வைக்கும், அந்த ஃபைல் ஒவ்வொரு பயனருக்கும் தனி. புட்டி வகை நிரல்கள் விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் வைக்கும், அதுவும் பயனருக்குத் தனி. ஆகவே 'யூசர் நோன் ஹோஸ்ட்ஸ் ஃபைல்' விருப்பத்தில் ஒரு பொதுவான ஃபைலின் முழுப் பாதையைக் கொடுங்கள். வின்எஸ்சிபி என்றால் '/இனி=நல்' போட்டு, ஹோஸ்ட் கீயின் ஃபிங்கர்பிரிண்டை (சாவியைச் சுருக்கிக் காட்டும் குறியீடு) ஸ்கிரிப்டுக்குள்ளேயே எழுதிவிடுங்கள். அப்போது யார் ஓட்டினாலும் ஒரே நடத்தைதான்.

சாவியின் அனுமதி: தனிச் சாவியை (நம்மிடம் மட்டும் இருக்க வேண்டியது; எதிர்ப்பக்கம் பதிவது அதன் ஜோடியான பொதுச் சாவி) ஜாப் ஓட்டும் கணக்கு படிக்க முடிய வேண்டும், வேறு சாதாரணப் பயனர் யாரும் படிக்க முடியக் கூடாது. லினக்ஸில் 600. மற்றவர்கள் படிக்கலாம் என்றிருந்தால் ஓப்பன்எஸ்எஸ்எச் அந்தச் சாவியைத் தொடவே தொடாது. விண்டோஸில் ஃபைலின் செக்யூரிட்டி பக்கத்தில் பரம்பரை அனுமதியை நிறுத்தி 'யூசர்ஸ்' குழுவை நீக்குங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தும் போகவில்லை என்றால் அமைப்பையே மாற்ற வேண்டிய நேரம். டேட்டாபேஸ் ஃபைலை எழுதுவதோடு நிற்கட்டும். அனுப்புவதை, குறைந்த உரிமை உள்ள தனிக் கணக்கில் ஓடும் இன்னொரு ஜாப் செய்யட்டும். எஸ்கியூஎல் சர்வர் என்றால் ஏஜென்டில் கிரெடென்ஷியலும் ப்ராக்ஸியும் அமைக்க வேண்டும். அதற்கு ஒரு டிபிஏவை (டேட்டாபேஸ் நிர்வாகி) கூப்பிடுங்கள். அந்தச் செலவு வீண் போகாது. சர்வீஸ் கணக்கிலேயே எல்லாவற்றையும் ஓட்டினால், டேட்டாபேஸுக்குள் யாராவது நுழையும் நாளில் அனுப்பும் சாவியும் சேர்ந்தே போய்விடும்.

## ஜாப் முடியவே இல்லை, தொங்கிக்கொண்டே இருக்கிறது

திரைக்குப் பின்னால் யாரோ கேள்வி கேட்டுக் காத்திருக்கிறார்கள், பதில் சொல்ல ஆளில்லை. "இந்த சர்வரை நம்பலாமா?", "பாஸ்வேர்டு என்ன?", "ஃபைல் ஏற்கெனவே இருக்கிறது, மேலே எழுதட்டுமா?" ஆகிய மூன்றில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும்.

ஓப்பன்எஸ்எஸ்எச்சில் 'பேட்ச்மோட்=யெஸ்' போடுங்கள்; புட்டியின் நிரல்களில் 'மைனஸ் பேட்ச்'; வின்எஸ்சிபியில் 'ஆப்ஷன் பேட்ச் அபார்ட்', 'ஆப்ஷன் கன்ஃபர்ம் ஆஃப்'. அதன் பிறகு கேள்வி வந்தால் தொங்காது, பிழையோடு வெளியே வரும். அந்தப் பிழை எது என்று பார்த்துக் கீழே உரிய தலைப்புக்குப் போங்கள்.

ஏற்கெனவே தொங்கி நிற்கும் எக்ஸ்பி_சிஎம்டிஷெல்லை டேட்டாபேஸ் பக்கமிருந்து 'கில்' செய்தால் பல நேரம் போகாது. டாஸ்க் மேனேஜரில் அந்த எஸ்எஃப்டிபி நிரலை முடித்தால்தான் விடும்.

கேள்வி எதுவும் இல்லை, ஆனால் லாக் 'கெக்ஸ் ஈசிடிஎச் ரிப்ளை' எதிர்பார்ப்பதாகச் சொல்லி அங்கேயே நிற்கிறது என்றால் அது வேறு நோய். சிறிய பாக்கெட் போகிறது, பெரியது வழியில் காணாமல் போகிறது. பிபிபிஓஈ பிராட்பேண்டில் எம்டியூ (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) 1492 பைட். விண்டோஸில் பிங் கட்டளையில் உடைக்கக் கூடாது என்ற 'மைனஸ் எஃப்' போட்டு, அளவு 1464 கொடுத்துப் பாருங்கள். தலைப்புக்கு 28 பைட் சேர்த்தால் 1492. அது போகாமல் அதைவிடச் சிறிய அளவு போகிறது என்றால் ரவுட்டரில் எம்டியூவைக் குறைக்க வேண்டும். ரவுட்டர் அமைப்பில் பழக்கம் இல்லாவிட்டால் இந்த இடத்தில் இணைய நிறுவனத்து ஆளை வரச் சொல்லுங்கள்.

## இணைப்பே கிடைக்கவில்லை

'டைம்ட் அவுட்', 'ரெஃப்யூஸ்டு' இரண்டும் ஒன்றல்ல. டைம்ட் அவுட் என்றால் பதிலே இல்லை. பெரும்பாலும் நடுவில் ஏதோ ஃபயர்வால் விழுங்குகிறது. ரெஃப்யூஸ்டு என்றால் பெரும்பாலும் சர்வர் வரை போய்ச் சேர்ந்துவிட்டோம், அந்தப் போர்ட்டில் கேட்க ஆளில்லை. இணைந்த மறு நொடியே அறுந்தால், எதிர்ப்பக்கம் உங்களைத் தடுத்துவைத்திருக்க வாய்ப்பு அதிகம். தவறான பாஸ்வேர்டில் திரும்பத் திரும்ப முட்டிய ஸ்கிரிப்டை அங்குள்ள காவல் நிரல்கள் தடுத்துவிடும்.

முதல் சோதனை: பவர்ஷெல்லில் 'டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன்', சர்வர் பெயர், போர்ட் 22. லினக்ஸில் 'என்சி மைனஸ் இசட்வி'. எதிர்ப்பக்கம் கொடுத்த போர்ட் எண்ணையும் ஒருமுறை பாருங்கள். 990 அல்லது 21 என்று கொடுத்திருந்தால் அவர்கள் சொல்வது எஃப்டிபிஎஸ் ஆக இருக்கலாம். எஸ்எஃப்டிபி வேறு, எஃப்டிபிஎஸ் வேறு. ஒன்றுக்கான நிரல் மற்றதோடு பேசாது.

போர்ட் சரி, நேற்று வரை வேலை செய்தது, இன்று டைம்ட் அவுட். இந்தக் கன்னியாகுமரி மாவட்டத்தில் அதற்கு முதல் சந்தேகம் ஐபி மாற்றம். எதிர்ப்பக்க சர்வர்கள் பல, பதிவு செய்த ஐபியிலிருந்து வந்தால்தான் உள்ளே விடும். நமக்கோ தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. கரண்ட் போய் மோடம் மறுபடி எழும்போது பிராட்பேண்டின் வெளி ஐபி மாறிவிடும். கூகுளில் உங்கள் ஐபியைத் தேடிப் பார்த்து, எதிர்ப்பக்கத்தில் பதிவான ஐபியோடு ஒப்பிடுங்கள்.

மாறியிருந்தால் அன்றைக்கு மட்டும் புதிய ஐபியைச் சேர்க்கச் சொல்லலாம். ஆனால் அடுத்த மழைக்கு மறுபடி இதே வேலை. மோடத்துக்கும் ரவுட்டருக்கும் ஒரு சிறிய யூபிஎஸ் போட்டாலே பாதிப் பிரச்சினை குறையும். முழுத் தீர்வு ஸ்டாட்டிக் ஐபி வாங்குவது. தினமும் ஃபைல் அனுப்பியே ஆக வேண்டிய தொழில் என்றால் அதை வாங்கிவிடுங்கள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அப்படி ஒரு இடைவெளிக்குப் பிறகு எழும் ஸ்கிரிப்ட் அன்றைய ஃபைலை மட்டும் அனுப்பினால் நடுவில் உள்ள நாள்கள் காணாமலே போகும். ஒரு 'அவுட்பாக்ஸ்' ஃபோல்டர் வைத்து, அதில் இருப்பதை எல்லாம் அனுப்பி, போய்ச் சேர்ந்தது உறுதியானதை மட்டும் 'சென்ட்' ஃபோல்டருக்கு நகர்த்தும்படி எழுதுங்கள்.

## லாகின் ஆகும்போதே 'பெர்மிஷன் டினைடு'

பயனர் பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசம் இருக்கிறதா பாருங்கள். அடுத்து, சரியான சாவிதானா? 'எஸ்எஸ்எச்-கீஜென் மைனஸ் எல் மைனஸ் எஃப்' போட்டால் சாவியின் ஃபிங்கர்பிரிண்ட் வரும். எதிர்ப்பக்கத்தில் பதிவான சாவியின் ஃபிங்கர்பிரிண்டைக் கேட்டு வாங்கி ஒப்பிடுங்கள். பொதுச் சாவியை வாட்ஸ்அப்பிலோ வேர்டு ஃபைலிலோ அனுப்பியிருந்தால் நடுவில் வரி உடைந்திருக்கும். அது ஒரே வரியாகத்தான் இருக்க வேண்டும்.

சாவியின் வடிவமும் முக்கியம். புட்டியும் வின்எஸ்சிபியும் பிபிகே வடிவம் கேட்கும், ஓப்பன்எஸ்எஸ்எச் அதன் சொந்த வடிவம் கேட்கும். புட்டிஜென்னில் மாற்றிக்கொள்ளலாம். 'டூ மெனி ஆத்தென்டிகேஷன் ஃபெய்லியர்ஸ்' என்று வந்தால் உங்கள் நிரல் இருக்கிற சாவியை எல்லாம் நீட்டிப் பார்க்கிறது; 'ஐடென்டிட்டீஸ் ஒன்லி=யெஸ்' போடுங்கள்.

எதிர்ப்பக்க சர்வரைப் புதுப்பித்த மறுநாள் இது வந்தால், பழைய ஆர்எஸ்ஏ கையெழுத்து முறையைப் பாருங்கள். 2021இல் வந்த ஓப்பன்எஸ்எஸ்எச் 8.8 முதல், எஸ்எச்ஏ-1 அடிப்படையிலான ஆர்எஸ்ஏ கையெழுத்தை இயல்பாக ஏற்பதில்லை. உங்கள் பக்கத்து நிரல் பழசாக இருந்தால் அதைப் புதுப்பியுங்கள், அப்படியே ஈடி25519 வகைச் சாவி ஒன்று உருவாக்கிப் பதிவு செய்துகொள்ளுங்கள். பழைய முறையைத் திரும்பத் திறந்துவிடும்படி எதிர்ப்பக்கத்தைக் கேட்காதீர்கள்.

எல்லாம் பொருந்தியும் மறுக்கிறது என்றால் காரணம் சர்வரின் உள்ளே. அங்கே வீட்டு ஃபோல்டர், 'டாட் எஸ்எஸ்எச்' ஃபோல்டர் இவற்றின் அனுமதி தளர்வாக இருந்தால் சர்வர் சாவியைப் புறக்கணிக்கும். அது அவர்கள் லாகில் மட்டும்தான் தெரியும். நேரத்தைக் குறித்து, உங்கள் ஐபியோடு அவர்களுக்கு எழுதுங்கள்.

## உள்ளே போகிறது, ஃபைல் மட்டும் ஏறவில்லை

பல சர்வர்களில் உங்களை ஒரு ஃபோல்டருக்குள் பூட்டிவைத்திருப்பார்கள். அதன் உச்சியில் எழுத முடியாது. உள்ளே 'அப்லோடு' அல்லது 'இன்பவுண்ட்' போல ஒரு ஃபோல்டர் இருக்கும், அங்கே எழுத முடியும். 'பிடபிள்யூடி', 'எல்எஸ்' இரண்டையும் ஓட்டி எங்கே நிற்கிறீர்கள் என்று பாருங்கள்.

'ஃபெய்லியர்' என்று ஒற்றைச் சொல் மட்டும் வந்தால் டிஸ்க் நிறைந்திருக்கலாம், ஒதுக்கிய அளவு முடிந்திருக்கலாம். ஓப்பன்எஸ்எஸ்எச் எஸ்எஃப்டிபியில் 'டிஎஃப்' கட்டளை உண்டு. சர்வர் அனுமதித்தால் மிச்ச இடம் தெரியும்.

ஏறிவிட்டது, ஆனால் நேரத்தையோ அனுமதியையோ அமைக்க முடியவில்லை என்று வின்எஸ்சிபி புகார் சொன்னால் பயப்பட வேண்டாம். 'நோ பிரிசர்வ் டைம்', 'நோ பெர்மிஷன்ஸ்' இரண்டையும் சேர்த்தால் தீர்ந்தது.

## 'ஹோஸ்ட் கீ மாறிவிட்டது' என்று எச்சரிக்கை

இதில் மட்டும் சோதனைக்கு முன்பே போனை எடுங்கள். பழைய வரியை 'எஸ்எஸ்எச்-கீஜென் மைனஸ் ஆர்' போட்டு நீக்கிவிட்டுத் தொடர்வது நொடியில் ஆகிற வேலை, அதனால்தான் ஆபத்து. எதிர்ப்பக்கம் சர்வரை மாற்றியிருக்கலாம். நடுவில் வேறு யாரோ சர்வர் வேடத்தில் நின்று உங்கள் ஃபைலை வாங்கிக்கொள்ளவும் வாய்ப்பு உண்டு. திரையைப் பார்த்து இரண்டையும் பிரித்தறிய முடியாது.

வந்த மின்னஞ்சலில் உள்ள எண்ணுக்கு அழைக்காமல், ஒப்பந்தத்தில் இருக்கும் எண்ணுக்கு அழைத்து, புதிய ஃபிங்கர்பிரிண்டை வாயால் சொல்லச் சொல்லுங்கள். ஒவ்வொரு எழுத்தும் பொருந்தினால் பழையதை நீக்கிப் புதியதைப் பதியுங்கள். அவர்கள் "நாங்க எதையும் மாத்தலியே" என்று சொன்னால் ஜாப்பை நிறுத்திவிட்டு உங்கள் பக்கத்திலும் அவர்கள் பக்கத்திலும் பாதுகாப்பு தெரிந்த ஆளைக் கூப்பிடுங்கள். அன்றைய ஃபைல் தாமதமானால் ஆகட்டும்.

## பாதியில் அறுந்துபோகிறது

சிறிய ஃபைல் போய், பெரியது மட்டும் அறுந்தால் முதலில் ஜிப் செய்து அனுப்புங்கள். சிஎஸ்வி நன்றாகச் சுருங்கும். 'சர்வர் அலைவ் இன்டர்வெல்' 30 என்று போட்டால் சும்மா இருக்கும் இணைப்பை நடுவில் உள்ள ரவுட்டர் வெட்டுவது குறையும். 'ரீபுட்' கட்டளை விட்ட இடத்திலிருந்து தொடரும், ஆனால் இடையில் மூல ஃபைல் மாறியிருக்கக் கூடாது.

எப்போதும் தற்காலிகப் பெயரில் ஏற்றி, முழுதும் போன பிறகு 'ரீநேம்' செய்யுங்கள். இல்லாவிட்டால் பாதி ஃபைலை எதிர்ப்பக்கம் முழு ஃபைல் என்று எடுத்துக் கணக்கில் ஏற்றிவிடும்.

இரவு குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் அறுகிறது என்றால் அந்த நேரத்தில் பேக்கப் எதுவும் ஓடுகிறதா பார்த்து ஜாப் நேரத்தை நகர்த்துங்கள். அதற்கும் சரியாகாவிட்டால் லைனைச் சோதிக்கச் சொல்ல வேண்டும். மாற்று இணைப்பு வாங்குவது கடைசி வழி.

## 'வெற்றி' என்கிறது, அங்கே ஃபைல் இல்லை

எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான், ஏனென்றால் மாசக் கடைசி வரை யாருக்கும் தெரியாது.

ஃபைல் இருக்கிறது, தேதி மட்டும் தப்பு என்றால் நேர மண்டலத்தைப் பாருங்கள். கிளவுடில் உள்ள டேட்டாபேஸ் சர்வர் பெரும்பாலும் யூடிசி (உலகப் பொது நேரம்) நேரத்தில் ஓடும். நம் நேரம் அதற்கு 5 மணி 30 நிமிடம் முன்னால். ஆகவே நமக்கு அதிகாலை 5:30 வரை அங்கே முந்தைய நாள்தான். நள்ளிரவுக்குப் பிறகு ஓடும் ஜாப் நேற்றைய தேதியைப் பெயராக வைத்து, சிலவேளை நேற்றைய ஃபைலின் மேலேயே எழுதிவிடும்.

அடுத்து, எக்ஸிட் கோடு (வேலை முடிந்ததா தோற்றதா என்று நிரல் விட்டுப்போகும் எண்). விண்டோஸ் பேட்ச் ஃபைலில் எஸ்எஃப்டிபி வரிக்குக் கீழே ஒரு ஃபைலை நீக்கும் வரி இருந்தால், ஜாப் பார்ப்பது அந்தக் கடைசி வரியின் விடையை. எஸ்எஃப்டிபி வரிக்கு அடுத்தே 'எரர்லெவல்' பார்த்து வெளியேறுங்கள். எஸ்எஃப்டிபிக்கான கட்டளைகளை 'மைனஸ் பி' போட்டுத் தனி பேட்ச் ஃபைலாகக் கொடுங்கள்; அப்போது ஒரு 'புட்' தோற்றால் அங்கேயே பிழையோடு நிற்கும். சின்னக் கோணக் குறி போட்டுத் திருப்பிவிட்டால் தோற்றதை விட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். அந்த எஸ்எஃப்டிபி பேட்ச் ஃபைலில் வரியின் முன்னால் ஒரு மைனஸ் கோடு இருந்தாலும் அந்த வரியின் தோல்வியைக் கண்டுகொள்ளாது. யாராவது அப்படி எழுதியிருக்கிறார்களா பாருங்கள்.

காலி ஃபைல் போயிருந்தால் தவறு அனுப்புவதில் இல்லை, எடுப்பதில். மைஎஸ்கியூஎல்லில் 'இன்டூ அவுட்ஃபைல்' ஏற்கெனவே இருக்கும் ஃபைலின் மேல் எழுதாது. 'செக்யூர் ஃபைல் பிரிவ்' அனுமதித்த ஃபோல்டருக்கு வெளியேயும் எழுதாது. எடுப்பது தோற்று, நேற்றைய ஃபைலே மறுபடி போயிருக்கவும் கூடும். அனுப்புவதற்கு முன் ஃபைலின் அளவையும் மாற்றிய நேரத்தையும் ஸ்கிரிப்ட் பார்க்கட்டும். அனுப்பிய பின் எதிர்ப்பக்கத்தில் 'எல்எஸ் மைனஸ் எல்' போட்டு அளவை ஒப்பிடட்டும். வாய்ப்பிருந்தால் எஸ்எச்ஏ-256 தொகையையும் (ஃபைல் மாறவில்லை என்று சரிபார்க்கும் குறியீடு) ஒரு சிறு ஃபைலாகக் கூடவே அனுப்புங்கள். விண்டோஸில் 'செர்ட்யூட்டில்' அதைக் கணக்கிட்டுத் தரும்.

தமிழ்ப் பெயர்கள் எல்லாம் கேள்விக்குறியாக வந்தால் எடுத்த இடத்திலேயே எழுத்து போய்விட்டது. எஸ்கியூஎல் சர்வரில் 'என்வார்சார்' நெடுவரிசை, எஸ்கியூஎல் சர்வர் 2016 முதலான பிசிபியில் (டேட்டாவை ஃபைலாக எடுக்கும் நிரல்) குறியீட்டுப் பக்கம் 65001, மைஎஸ்கியூஎல்லில் யூடிஎஃப்8எம்பி4 என்று இருக்க வேண்டும். பெயர்கள் கேள்விக்குறியாக இல்லாமல் விசித்திர எழுத்துகளாகத் தெரிந்தால் பெரும்பாலும் ஃபைல் சரியாகவே இருக்கும், திறக்கும் எக்செல் தப்பாகப் படிக்கிறது. டேபிளில் பார்த்தாலும் கேள்விக்குறிதான் என்றால் அதை எந்த அமைப்பாலும் மீட்க முடியாது. மூலப் பதிவிலிருந்து மறுபடி ஏற்ற வேண்டும், அதற்கு டிபிஏ தேவை.

## சாவி அல்லது பாஸ்வேர்டு வெளியே போய்விட்டது

ஜாப் ஸ்டெப்பில் பாஸ்வேர்டை நேரடியாக எழுதியிருந்தால், ஜாப்பைப் பார்க்க முடிந்த எல்லோருக்கும் அது தெரியும். தனிச் சாவியை யாராவது மின்னஞ்சலில் அனுப்பியிருந்தாலும் அது போனதுதான். அனுப்பிய செய்தியை அழித்தால் போதும் என்று விட்டுவிடாதீர்கள். புதிய சாவி உருவாக்கி, பொதுச் சாவியை மட்டும் எதிர்ப்பக்கத்துக்கு அனுப்பி, பழையதை அவர்கள் நீக்கியதை உறுதிசெய்யுங்கள்.

அந்தச் சாவியை வைத்து யாராவது உள்ளே போனதற்கு லாகில் தடயம் இருந்தால் ஸ்கிரிப்டில் கை வைக்க வேண்டாம், லாகை அப்படியே பிரதி எடுத்து வையுங்கள். 2022 ஏப்ரலில் வந்த செர்ட்-இன் (இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பு) உத்தரவுப்படி இப்படிப்பட்ட ஊடுருவலைத் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், லாகுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். நிர்வாகத்தையும் பாதுகாப்பு நிபுணரையும் அந்த நேரத்துக்குள்ளேயே கூப்பிட்டுவிடுங்கள்.